பேட்டரி போட்ட தேதி

தென்காசியில் இறங்கியதும் குடையை விரித்தேன். டீக்கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சாரலுக்குக் குடை பிடிப்பவர்கள் வெளியூர்க்காரர்கள் மட்டும்தான் என்றார். மடக்கிக்கொண்டேன்.

இது மழையில்லை. மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் நடந்து வருகிறது. சட்டைக்குள் புகுந்து, காதுமடலைத் தொட்டு, டீயின் ஆடையில் புள்ளி வைத்துவிட்டுப் போகிறது. எங்கள் உடுமலைப்பேட்டையும் மலைக்குக் கீழேதான் இருக்கிறது; எங்களுக்கும் மேற்கிலிருந்துதான் காற்று. ஆனால் எங்கள் காற்று வெறுங்கையோடு வரும்.

என்னோடு இறங்கியவர்கள் பையிலெல்லாம் துண்டும் எண்ணெய்ப் புட்டியும் இருந்தன. அருவிக்கு வந்தவர்கள். என் பையில் ஒரு திருப்புளி செட், ஒரு மல்டிமீட்டர், ஒரு மாற்றுச் சட்டை.

உடுமலைக்கு அருகே ஒரு காகித ஆலையில் கருவிகளைப் பராமரிக்கும் வேலை எனக்கு. அட்டைப்பெட்டிக்கான பழுப்புக் காகிதம் செய்கிறோம். ஈரக் காகிதம் உலரும் உருளைகளுக்கு எப்போது, எவ்வளவு நீராவி போக வேண்டும் என்று முடிவுசெய்கிற கன்ட்ரோல் பேனல் முப்பது வருடப் பழசு. அதைச் செய்த கம்பெனி அந்த மாடலையே மறந்துவிட்டது. மின்னஞ்சல் போட்டால் ஒரே வரியில் பதில் வரும்: புதிதாக வாங்குங்கள்.

பேனலுக்குள் இருக்கும் புரோகிராம் ஒரு பேட்டரியை நம்பி உயிர்வாழ்கிறது. கரண்ட் இல்லாத நேரத்தில் அதைக் காப்பாற்றுவது விரல் நீளப் பேட்டரி ஒன்றுதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை மாற்ற வேண்டும். மாற்றியவன் ஒரு ஸ்டிக்கரில் தேதியை எழுதி, கையெழுத்துப் போட்டு, பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டுவான். அடுத்து வருகிறவன் பேட்டரியைப் பார்ப்பதில்லை, ஸ்டிக்கரைப் பார்ப்பான். எந்த ஆலைக்குப் போனாலும் இதுதான் வழக்கம்.

போன வாரம் சுத்தம் செய்வதற்காக ஆலையை நிறுத்தினார்கள். செல்வம் மெயின் சுவிட்சை இறக்கினான். மறுபடி ஏற்றியபோது பேனல் விளக்குகளை எரியவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு எதுவும் ஞாபகமில்லை. நகல் வைத்திருந்த ஃப்ளாப்பியில் பூஞ்சை பூத்திருந்தது.

செல்வம் பதினொரு வருடமாக ஒப்பந்தத்தில் இருக்கிறவன். அடுத்த மாதம் நிரந்தரம் ஆகியிருக்க வேண்டும். பேட்டரியைச் சோதிக்காமல் இறக்கினான் என்று வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். ஏன் பார்க்கவில்லை என்று மேலாளர் கேட்டபோது அவன் தலையைக் குனிந்து, தப்புதானுங்க என்று மட்டும் சொன்னான். திங்கட்கிழமை விசாரணை. அதற்குள் மிஷின் ஓடிவிட்டால் பேச்சை அதோடு விட்டுவிடலாம் என்றார் மேலாளர்.

இதில் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். கதவில் கடைசியாக ஸ்டிக்கர் ஒட்டியவன் நான். அன்று ஸ்டோரில் பேட்டரி இல்லை. நாளை வரும் என்றார்கள். வெளியிலிருந்து தணிக்கைக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். தேதியை எழுதி ஒட்டிவிட்டேன். மறுநாள் பேட்டரி வரவில்லை. அதற்கு மறுநாள் நான் கேட்கவில்லை. பிறகு எனக்கே அது போட்ட பேட்டரி ஆகிவிட்டது. செல்வம் பார்த்து நம்பியது என் கையெழுத்தை. அவன் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமே இல்லாமல் எல்லாம் சரியாகிவிட வேண்டும் என்றுதான் பஸ் ஏறினேன்.

தென்காசிக்கும் ராயகிரிக்கும் இடையில் ஒரு காகித ஆலை இருந்தது. எங்கள் மிஷினும் அவர்கள் மிஷினும் ஒரே கப்பலில் வந்தவை. நான்கு வருடங்களுக்கு முன் அதை மூடினார்கள். பேனலை வாங்கியவர் கடையநல்லூர் சாலையில் பழைய சாமான் கிடங்கு வைத்திருக்கும் காதர் பாய் என்று விசாரித்து வைத்திருந்தேன். நல்ல பேட்டரி நான்கு வருடம் தாங்கும். அந்தப் பேனலின் கார்டுக்குள் எங்கள் புரோகிராம் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கலாம்.

அன்று வெள்ளிக்கிழமை. அதை நான் யோசிக்கவே இல்லை. கிடங்கு பூட்டியிருந்தது. பாய் ஜும்மாவுக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்றார் பக்கத்து பஞ்சர் கடைக்காரர். எதிர்க்கடையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சோற்றின் மேல் தேங்காய்ப்பால் சொதியை ஊற்றி, இஞ்சித் துவையலை ஓரத்தில் வைத்தார்கள். முதல் வாய்க்கே வயிறு சாந்தமானது. எங்கள் பக்கம் தேங்காய்க்குப் பஞ்சமில்லை. இவ்வளவு மெதுவாகப் பேச எங்கள் தேங்காய்க்குத் தெரியாது.

காதர் பாய் வெள்ளை ஜிப்பாவில் அத்தர் மணக்க வந்தார். வளைகுடாவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பத்தொன்பது வருடம் கருவி ஃபிட்டராக இருந்தவர். கார்டின் எண்ணைச் சொன்னதும் அவர் முகம் கல்யாண வீட்டு முகமாகிவிட்டது. "நாலு வருசமா இதுக்கு ஒரு மாப்பிள்ள வருவான்னு பாத்துக்கிட்டிருக்கேன் அண்ணாச்சி" என்றார்.

உள்ளே கூட்டிப்போய் ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தார். துணியில் சுற்றிய கார்டு புதுசுபோல் பளபளத்தது. பேட்டரி இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தேன். காலி.

வாங்கிய அன்றைக்கே எல்லாப் பேட்டரியையும் பிடுங்கிவிட்டதாக அவர் பெருமையாகச் சொன்னார். வளைகுடாவில் பேட்டரி கசிந்து எத்தனை கார்டு வீணானது என்று அவருக்குத் தெரியும். பிடுங்கிய பிறகு, பல் தேய்க்கிற பிரஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, நிழலில் நாலு நாள் உலர்த்தியிருக்கிறார்.

"பச்சப்புள்ளய மாதிரி குளிப்பாட்டி வச்சிருக்கேன்" என்றார். "பேட்டரி கெடந்தா போர்டத் தின்னுரும்லா?"

அவர் செய்தது சரி. கார்டு வேண்டும் என்று வருகிற யாரும் அவர் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். நான்தான் கார்டுக்கு வரவில்லை, அதற்குள் இருந்த புரோகிராமுக்கு வந்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் உட்கார்ந்துவிட்டார். கிடங்கின் தகரக் கூரைமேல் சாரல் அரிசி புடைப்பதுபோல் சத்தம் போட்டது. சோதிப்பதற்கென்று அவரே செய்துவைத்திருந்த பலகையில் கார்டைச் செருகிக் கரண்ட் கொடுத்தார். விளக்குகள் எரிந்தன. எங்கள் ஆலையில் எரிந்த அதே வெற்று எரிதல்.

"என் கையாலயே அழிச்சிருக்கேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் ஆறுதல் சொன்னேன். தன் தவறை ஒரு நிமிடம்கூட ஒளித்துவைக்கத் தெரியாத அந்த மனிதருக்கு நான் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போகும்போது ஒரு பெயர் தந்தார். மாடசாமி, அந்த ஆலையில் கருவிப் பிரிவில் இருந்தவர். இப்போது சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி போட்டிருக்கிறார். புரோகிராமைச் சிப்பில் நகல் எடுத்துவைக்கும் பழக்கம் உள்ள ஆள்.

சனிக்கிழமை காலை பேருந்தில் ஏறினேன். கூரை ஒழுகியது. சரியாக என் இருக்கைக்கு மேலே. கண்டக்டரிடம் சொன்னேன். எந்த ஊர் என்று கேட்டார். கோயம்புத்தூர்ப் பக்கம் என்றேன். அவர் பேருந்துக்கே கேட்கும்படி, "கோயம்புத்தூர்ல இருந்து குத்தாலத்துக்குக் குளிக்க வந்தவுகள நாங்க இங்கனயே குளிப்பாட்டி அனுப்புதோம்" என்றார். ஒரு பாட்டம் சிரிப்பு. நானும் சிரித்தேன். கொஞ்ச தூரத்தில் டயர் வெடித்தது. அவர் சிரிப்பு நின்றது. மாற்று டயரும் காற்றில்லாமல் இருந்தது. கடைசி மூன்று கிலோமீட்டரை நடந்தேன்.

சாரல் நின்று வெயில் வந்த ஒரு வளைவில் அந்த மஞ்சள் திடீரென்று விரிந்தது. அத்தனை பூக்களும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே பார்த்து நின்றன. மேற்கே மலை, நீலமாக, தலையில் மேகத்தோடு. பாதையோரம் பத்துப் பதினைந்து கார்கள். பூவுக்குள் முகத்தை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வரப்பில் கையில் குச்சியோடு ஒரு அம்மாள் கத்திக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, செடிய மிதிக்காத. அந்தப் பூவு ஒன்னயும் பாக்காது, ஒன் போனையும் பாக்காது."

அவர்தான் மாடசாமியின் மனைவி. தன் அண்ணனின் புதுவீட்டுப் பால்காய்ப்புக்குக் கணவர் திருவேங்கடம் போயிருக்கிறார் என்றார். நாளைக் காலையில் வருவார். போனில் பிடிக்கலாமா என்று கேட்டேன். போன் வீட்டில் சார்ஜில் கிடக்கிறது, அந்த மனுசனுக்கு அது இல்லாத இடம்தான் சொர்க்கம் என்றார். விசாரணைக்கு இரண்டு நாள் இருந்தது. வரப்பில் வெகுநேரம் நின்றேன். நின்ற இடத்தில் நிற்க முடியாத ஆள் நான். அந்த மஞ்சளுக்கு முன்னால் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தேன்.

மாலையில் செங்கோட்டை வழியில் பிரானூர் பார்டருக்குப் போய்ப் பரோட்டா தின்றேன். கல்லில் இருந்து எடுத்த பரோட்டாக்களை அடுக்கி, இரண்டு பக்கமும் கையால் அடித்து நொறுக்கி இலையில் தள்ளுகிறார்கள். மேலே கோழிச் சால்னா. எதிரில் மலையாளக் குடும்பம் ஒன்று. எல்லை தாண்டி வந்ததே இதற்குத்தானா என்று மனைவி கேட்டார். அருவி மூடியிருந்தால் வேறு எதற்கு என்றார் கணவர். மேலே பலத்த மழை, பேரருவியில் வெள்ளம், குளிக்க விடவில்லையாம். அவர்கள் வருத்தம் தின்னத் தின்னக் குறைந்துகொண்டே போனது. எனக்கு இரண்டாவது பரோட்டா இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாடசாமி வீட்டில் இருந்தார். ஐம்பத்தெட்டு, அறுபது இருக்கும், என்னைவிட நாலைந்து வயது கூட. பேனலின் பெயரைச் சொன்னதும் ஒன்றும் கேட்காமல் எழுந்து பீரோவைத் திறந்தார். வளையல் பெட்டி. அதற்குள் கறுப்பு ஸ்பாஞ்சில் கால்களைக் குத்தி நிறுத்திய ஒரு சிப். அதன் முதுகில் இருக்கும் சின்னக் கண்ணாடி ஜன்னலின் மேல் வெள்ளித் தாள் ஒட்டியிருந்தது.

"வெயில் பட்டா அழிஞ்சிரும்" என்றார். "ஆலைய மூடுததுக்கு மொத நாள் எடுத்தேன். எதுக்கு எடுத்தேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கே தெரியாது."

அதைக் கையில் வாங்கினேன். காதர் பாயின் கார்டில் இதைச் செருகிக் கரண்ட் கொடுத்தால் போதும். புரோகிராம் தானாக உள்ளே இறங்கும். நாளைக் காலையில் மிஷின் ஓடும். விசாரணை இருக்காது. பேனல் கதவை யாரும் திறக்க மாட்டார்கள்.

அவர் சூரியகாந்தி விதை ஒன்றை நகத்தால் உடைத்துக்கொண்டே, உங்களிடம் எப்படி அழிந்தது என்று கேட்டார். வழியெல்லாம் சொல்லிப் பழகியதைச் சொன்னேன். பையன் தெரியாமல் மெயினை இறக்கிவிட்டான்.

"கதவுல தேதி ஒட்டிருப்பியள்லா? அதப் பாக்காமலா எறக்குனான்?"

குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. தொழில்காரர் தொழில்காரரிடம் கேட்பதுதான். எங்கள் ஆலையில், மேலாளரில் தொடங்கி வாயிற்காவலர்வரை, இந்த ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

"பார்த்துத்தான் இறக்கினான்" என்றேன். "தேதிதான் பொய்."

எழுதியது யார் என்பதையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது தெருவில் ஒரு கார் வழி தெரியாமல் பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அது திரும்பிப் போகும்வரை அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆடிட்டுக்கு ஆளு வந்தா நாங்களும் ஒட்டத்தான் செய்வோம்" என்றார். "ஒட்டிட்டு வீட்டுக்கு வந்தா சோறு எறங்காது. மறுநாள் மொத வேலையா பேட்டரியத் தேடிப் புடிச்சுப் போடுதது." விதையின் தொலியைக் கீழே போட்டார். "நீங்க போடல."

"போடல."

"அந்தப் பையன் பேரு என்ன?"

செல்வம் என்றேன். ம் என்றார். சிப்பை வளையல் பெட்டியோடு கொடுத்தார். அவர் மனைவி ஒரு செம்பு மோர் கொண்டுவந்தார். நின்றுகொண்டே குடித்தேன்.

காதர் பாயிடம் போனேன். சிப்பைச் செருகியதும் பச்சை விளக்கு ஒரு முறை சிமிட்டிவிட்டு நிலைத்தது. பாய் இரண்டு கைகளையும் விரித்து வேண்டிக்கொண்டார். தான் அழித்தது திரும்பி வந்துவிட்டது என்று அவர் கண் கலங்கினார். புதுப் பேட்டரி ஒன்றை அவரே கார்டில் பொருத்தி, ஸ்டிக்கரை என் முன்னால் வைத்து, தேதி எழுதச் சொன்னார். நீங்களே எழுதுங்கள் பாய் என்றேன்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. குற்றாலம் போனேன். லாட்ஜ் அறையில் தனியாக உட்கார முடியாது என்பதைத் தவிர வேறு காரணமில்லை. பேரருவி செம்மண் நிறத்தில், பாறையே கரைந்து வருவதுபோல் இறங்கிக்கொண்டிருந்தது. கயிறு கட்டி, போலீஸ்காரர் ஒருவர் விசில் ஊதிக்கொண்டிருந்தார். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்த நூற்றுக்கணக்கானோர் கயிற்றுக்கு இந்தப் பக்கம் குளிரில் நின்றார்கள். ரம்புத்தான் விற்பவர்களுக்கு நல்ல வியாபாரம். நேந்திரம் சிப்ஸ் பொரிக்கிற தேங்காயெண்ணெய் வாசம் தெரு முழுக்க. எண்ணெய் தேய்த்த ஒரு பெரியவர், எப்போது விடுவார்கள் என்று என்னிடம் கேட்டார். தண்ணீர் தெளிந்தால் விடுவார்கள் என்றேன், ஏதோ நான் இந்த ஊர்க்காரன் போல.

ஒரு பழக்கடை தார்ப்பாயின் கீழே ஒதுங்கி மேலாளரைக் கூப்பிட்டேன். சிப் கிடைத்ததைச் சொன்னேன். அவர் சந்தோஷம் காதில் அதிர்ந்தது. அந்தச் சந்தோஷத்தின் நடுவிலேயே, நிறுத்தினால் மறுபடி சொல்ல மாட்டேன் என்று தெரிந்து, ஸ்டிக்கரைப் பற்றிச் சொன்னேன். என் கையெழுத்து. அன்று பேட்டரி போடவில்லை. செல்வத்தின் மேல் தப்பில்லை. எழுதியும் தருகிறேன்.

"கதவுல ஸ்டிக்கரே இல்லியேப்பா" என்றார் மேலாளர். "மொத நாளே நான் தெறந்து பாத்தேன். பழைய பசைதான் ஒட்டியிருந்துச்சு. அதனாலதான் அவன் மேல அத்தன கோவம் எனக்கு. தேதியே இல்லாத பேனல எப்படிடா எறக்குனேன்னு." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அவன் வேலைய விட்டுட்டான். நீ பஸ் ஏறுன அன்னைக்கே எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டான். உனக்குச் சொல்லலியா?" என்றார்.

திங்கட்கிழமை மிஷின் ஓடினால் போதும், மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார்.

செல்வத்தின் எண்ணை மூன்று முறை தொட்டு மூன்று முறை விட்டேன். நான்காவது முறை மணி அடித்தது. உடனே எடுத்தான். பின்னால் தறிச் சத்தமா, லாரிச் சத்தமா தெரியவில்லை.

"புரோகிராம் கெடச்சுதுங்களா சார்?"

கிடைத்தது என்றேன். "அப்பாடா" என்றான். உண்மையாகவே மூச்சு விட்டான். எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். பெருந்துறையில் ஒரு சாயப்பட்டறையில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னான். எல்லாம் புது மிஷின், தொட்டால் திரையில் படம் வருகிறது என்றான். தினக்கூலிதான் இப்போதைக்கு. மேலாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், திரும்பி வா, நான் பேசுகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை அவன். ஆகட்டும் சார், பார்க்கலாம் என்றான். வராதவர்கள் சொல்கிற மாதிரி.

"ஸ்டிக்கரை ஏன்டா கிழிச்சே?"

கயிற்றருகே விசில் நீளமாகக் கேட்டது. கூட்டம் ஒரு அடி முன்னால் போய், ஒரு அடி பின்னால் வந்தது.

"எனக்கு எங்க போனாலும் ஒரு வேல கெடைக்குமுங்க" என்றான். "உங்க வயசுக்கு யாருங்க சார் குடுப்பாங்க."

குத்தலாகச் சொல்லவில்லை. கணக்குப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று கண்டவனின் குரல். மெயினை மறுபடி ஏற்றி, விளக்குகள் வெறுமையாக எரிந்த அந்தச் சில நிமிடங்களுக்குள், நாங்கள் எல்லோரும் பேனலுக்கு முன்னால் வாய் பிளந்து நின்றபோது, அவன் மட்டும் கதவின் பக்கம் போயிருக்கிறான். எனக்காகவா, என் வயதுக்காகவா, தெரியவில்லை. கேட்கவும் முடியவில்லை.

அவனே பேச்சை மாற்றினான்.

"நாளைக்கு ஓட்டறதுக்கு முன்னால ஒண்ணு இருக்குதுங்க சார். மூணாவது உருளைக்குப் போற வால்வு சிக்கும்ங்க. புரோகிராம் தெறன்னு சொல்லும், அது தெறக்காது. ஆன் பண்றதுக்கு முன்ன கையில ரெண்டு சுத்து திருப்பி விட்டுருங்க. இல்லீன்னா காயிதம் அங்கதான் அறுபடும். இது எங்கீயும் எழுதி இல்லைங்க, நான் பாட்டுக்குத் திருப்பி விட்டுக்கிட்டிருந்தேன்."

எழுத எடுத்த பேருந்துச் சீட்டு ஈரத்தில் கிழிந்துபோயிருந்தது. பழக்காரரிடம் ஒரு துண்டுத்தாள் கேட்டேன். பொட்டலம் கட்டுகிற தாளைக் கிழித்துக் கொடுத்தார். முழங்காலில் வைத்து, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு எழுதினேன். மூன்றாவது உருளை. வால்வு. இரண்டு சுற்று.

"எழுதிக்கறீங்களா சார்?"

"எழுதிக்கிட்டிருக்கேன்" என்றேன். "சொல்லு."

அவன் ஐந்தாவது உருளைக்குப் போனான்.